பால்கனிக்கு ஸ்லைடிங் கண்ணாடி போட்டால் சாலை இரைச்சல் நிற்குமா?

சாலையைப் பார்த்த படுக்கையறைக்கு முன்னால் உள்ள திறந்த பால்கனியை ஸ்லைடிங் கண்ணாடியால் அடைத்துவிட்டால் நிம்மதியாக உறங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரைச்சல் நிற்காது, குறையும். எவ்வளவு குறையும் என்பது கண்ணாடியின் தடிமனைவிட, கண்ணாடிகளுக்கு நடுவே விடப்படும் இடுக்குகளைப் பொறுத்தது. இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். காதில் பஞ்சு வைப்பது, மின்விசிறியை வேகமாகச் சுழலவிடுவது போன்ற வைத்தியங்களையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே முயன்று பார்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில், பேருந்துகள் நின்று கிளம்பும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. பால்கனியின் கைப்பிடிச் சுவருக்கு மேல், ஃபிரேம் இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நகரும் ஐந்து கண்ணாடிகளைப் பொருத்தினோம். வேலைக்கு வந்தவர் 8 மில்லிமீட்டர் கண்ணாடி போதும் என்றார். நான்தான் வாதாடி 12 மில்லிமீட்டர் வாங்கினேன். எடை கூடினால் ஒலி தடைபடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த லாபம் மூன்று, நான்கு டெசிபலைத் தாண்டாது என்பதும், இடுக்குகள் இருக்கும்வரை அதுவும் கைக்கு வராது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

முதல் இரவு ஹாரனின் கூர்மை மழுங்கியிருந்தது. நின்றபடியே உறுமும் பேருந்தின் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. மற்ற ஓசைகள் அடங்கிவிட்டதால் அது முன்னைவிடத் தனித்துக் கேட்டது. மறுநாள் அளவுநாடாவும் கையுமாக உட்கார்ந்தேன். கண்ணாடி அடைத்த பரப்பு 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம். செங்குத்தான ஆறு இடுக்குகள், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். மேலும் கீழும் டிராக்கை ஒட்டி 5 மில்லிமீட்டர். கூட்டிப் பார்த்தால் மொத்தப் பரப்பில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் திறந்தே கிடந்தது. நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி இடத்தில் கருங்கல்லை அடுக்கினாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. போதாக்குறைக்கு, மழைநீர் வெளியேறத் தரையோரம் விட்டிருந்த துளையும் சாலையைப் பார்த்தே இருந்தது. அதன் அருகே காகிதத் துண்டைப் பிடித்தால் படபடத்தது.

பிறகு செய்த வேலைகள்தாம் பலன் தந்தன. கண்ணாடி விளிம்புகளில் ஒளி ஊடுருவும் ரப்பர் பட்டைகளையும், டிராக்கில் அடர்த்தியான பிரஷ் பட்டைகளையும் ஒட்டினோம். நீர்த்துளையை முழுவதும் அடைக்காமல், ஒரு வளைந்த குழாயைப் பொருத்திக் கீழ்நோக்கித் திருப்பினோம். பால்கனியின் மேற்கூரையில் துளையிட்ட பலகைக்குப் பின்னால், ஒலியை உறிஞ்சும் கனிமக் கம்பளியை (மினரல் வூல்) வைத்தோம். உள்ளே நுழைந்த ஒலி வெறும் சிமெண்டில் பட்டு அறைக்குள் திரும்புவதை அது குறைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட, படுக்கையறையின் பால்கனிக் கதவையும் இறுக்கமாக மூடிக்கொள்ளும்போதுதான் முழு வித்தியாசம் தெரிகிறது. நடுவே ஒரு மீட்டர் காற்றிடைவெளியுடன் இரண்டு தடுப்புகள் நிற்பது, தடிமனான ஒரே தடுப்பைவிட மேலானது.

நான் ஒலியியல் படித்தவன் அல்லன். கண்ணாடி வியாபாரமும் செய்யவில்லை. கைப்பேசிச் செயலியால் அளந்தேன் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முன்னும் பின்னும் அளந்த வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறையப் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றும். எனக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது.

இதில் என்னை அதிகம் வருத்தியது குடியிருப்போர் சங்கம்தான். கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடும் என்று அனுமதி தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். சரி, முகப்பின் ஒழுங்கும் காற்றின் அழுத்தமும் கவனிக்க வேண்டியவைதாம். ஆனால் சத்தமெல்லாம் என் மனப்பிரமை என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்தின் இரவு இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதைப் படித்துக் காட்டியும் பயனில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெயில் நேரத்தில் மூடிய பால்கனி அடுப்பாகிவிடுகிறது. அப்போது ஒரு கண்ணாடியையாவது நகர்த்தியாக வேண்டும், நகர்த்தினால் இரைச்சல் தடுப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பகல் இரைச்சலை நான் கைவிட்டுவிட்டேன்.

நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு மட்டும், உங்கள் படுக்கையறைக் கதவு, ஜன்னல் ஆகியவற்றின் இடுக்குகளை அகலமான டேப்பால் ஒட்டிவிட்டு உறங்கிப் பாருங்கள். அதிலேயே உறக்கம் வந்தால் பால்கனியைத் தொட வேண்டாம். அந்தக் கதவுகளுக்கு நல்ல ரப்பர் பட்டைகளை மாற்றினாலே போதும். அப்போதும் பேருந்தின் உறுமல் எழுப்பிவிட்டால், கண்ணாடி போடுபவரிடம் தடிமனைக் கேட்பதற்கு முன் இடுக்கின் அளவைக் கேளுங்கள்.