கண்மாயில் 165 யார்டு போகிற கால்ஃப் பந்து போட்டியில் ஏன் போகவில்லை?

பள்ளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு கடிதம். எழுதியவருக்கு 52 வயது. சென்னையில் கால்ஃப் பை சுமக்கும் ‘கேடி’ (caddie) வேலையில் ஆரம்பித்து, இருபது வருஷத்துக்கு மேல் கால்ஃப் ஆடியும் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவர், அம்மாவைப் பார்த்துக்கொள்ள இப்போது ஊரோடு வந்துவிட்டார். 50 தாண்டிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான போட்டிகளில் ஆடுகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

“சீசன் ஆரம்பித்து மூன்று போட்டி முடிந்துவிட்டது ஐயா, மூன்றிலும் பட்டியலின் அடியில்தான் என் பெயர். அடி நன்றாகத்தான் விழுகிறது, ஊர்க் கண்மாயில் 7 அயர்ன் ஸ்டிக்கில் அடித்தால் 165 யார்டு போகிறது. ஆனால் ஸ்கோர் வரவில்லை. பட்டிங், அதாவது குழிக்குள் உருட்டிவிடுகிற அடி, சுத்தமாகப் போய்விட்டது, எட்டடி பத்தடியெல்லாம் குழிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் உள்முற்ற வளவில் பட்டிங் பழகுகிறேன், அங்கே ஒன்று தப்புவதில்லை. துபாயில் இருக்கும் மகன் தூரம் அடிக்கிற பெரிய ஸ்டிக், டிரைவர், புதுசாக அனுப்புகிறேன் என்கிறான், கூட ஆடுகிறவர் ஸ்டிக் வீசுகிற முறையையே (ஸ்விங்கை) மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?”

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ஒன்பது ஸ்கோர் கார்டையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நல்ல பழக்கம் ஒன்று வைத்திருக்கிறீர்கள், குழி இருக்கிற குட்டைப் புல்தரையை (கிரீனை) பந்து தவறினால் எந்தப் பக்கம் தவறியது என்று ஓரத்தில் கிறுக்கி வைப்பது. அந்தக் கிறுக்கலில் இடது, வலது என்பது அபூர்வம், பக்கத்துக்குப் பக்கம் ‘ஷார்ட்’, ‘ஷார்ட்’, ‘ஷார்ட்’ என்றே இருக்கிறது. ஸ்விங் கெட்டுப்போனவனுக்குப் பந்து இரண்டு பக்கமும் சிதறும். உங்களுக்குப் பந்து நேராகப் போய் முன்னாலேயே விழுகிறது. அப்படியென்றால் அடியில் கோளாறு இல்லை, அடிக்கு முன்னால் பையிலிருந்து எந்த ஸ்டிக்கை உருவுகிறீர்கள் என்பதில்தான் கோளாறு.

அந்த 165 எங்கே அளந்தது? கோடைக் கண்மாயில். நம்ம ஊர்க் கண்மாய் வற்றினால் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, செம்மண் இறுகி, மாடு நடந்த தடம்கூடக் கல்லாகக் கிடக்கும். அதில் விழுகிற பந்து குதித்து உருண்டு இன்னும் பதினைந்து இருபது யார்டு சும்மா போகும். நீங்கள் போய்ப் பந்தைப் பொறுக்குகிற இடம் 165. ஆனால் அது காற்றில் பறந்த தூரம் 150க்குள் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். போட்டி நடக்கிற மைதானத்தில் தண்ணீர் விட்டு வளர்த்த புல், முன்னால் பங்கர் என்கிற மணல் குழி வேறு. அங்கே பறக்கிற தூரம்தான் கணக்கு, உருளுகிற தூரத்தை யாரும் கடன் தர மாட்டார்கள். (போன மே மாதம் கொடைக்கானலில் ஆடியபோது இன்னும் நன்றாகப் போனது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அது ஏழாயிரம் அடி உயரம், காற்றின் அடர்த்தி குறைவு, யார் அடித்தாலும் கூடப் போகும். அதையும் மறந்துவிடுங்கள்.)

உருளுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் கதை போதும். 2009 பிரிட்டிஷ் ஓப்பன், டர்ன்பெரி, வயது 59. கடைசி ஹோலில் பார் (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தால் கோப்பை. 8 அயர்ன் எடுத்து அழகாக அடித்தார், பந்து கிரீனில்தான் விழுந்தது, விழுந்த பிறகு நிற்காமல் ஓடிப் பின்பக்கம் இறங்கிவிட்டது. ஒரு அடி கூடிப் போகி, சமநிலையை முறிக்கப் பிளே ஆஃப், கோப்பை ஸ்டூவர்ட் சிங்க் கைக்குப் போனது. அவருக்குத் தரை கூட ஓடிக் கெடுத்தது, உங்களுக்கு ஓடாமல் கெடுக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, சரியாக அளப்பது எப்படி? கண்மாயிலேயே அளக்கலாம். 130 யார்டிலிருந்து 170 வரை பந்து விழக்கூடிய அகலத்துக்கு மண்வெட்டியால் லேசாகக் கொத்திவிட்டு, முந்தின சாயங்காலம் மண் நன்றாக ஊறுகிற அளவுக்குத் தண்ணீர் தெளியுங்கள். காலையில் மண் பொதபொதவென்று இருக்கும், பந்து விழுந்த இடத்தில் கோழி முட்டை வைத்து எடுத்த மாதிரி ஒரு குழி விழும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைப் பாதுகாப்பாகத் தள்ளி நிறுத்தி, குழிக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகைக் கோலமாவு போடச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்குள் விழுகிற ஒவ்வொரு ஸ்டிக்கிலும் பத்துப் பந்து. எல்லாவற்றிலும் தள்ளிப் போன இரண்டை விட்டுவிடுங்கள், அதுதான் இத்தனை நாளாக உங்களை ஏமாற்றியது. மிகவும் கிட்ட விழுந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். மிச்சம் ஆறின் நடுதான் உங்கள் தூரம். போட்டியில் ஆடுகிற பந்தாலேயே அடியுங்கள், பழைய பயிற்சிப் பந்து வேறு கணக்குச் சொல்லும். வரும் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் ஒட்டிவிடுங்கள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், நாற்பது வயதில் 8 அயர்னில் அடித்த தூரத்துக்கு இப்போது 6 எடுக்கணும் (எண் குறைந்தால் தூரம் கூடும்) என்று வரலாம். பக்கத்தில் நிற்கிறவன் என்ன ஸ்டிக் எடுத்தான் என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, ஸ்கோர் கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இப்போது பட்டிங். முதலில் ஒரு ஆறுதல். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் (பிஜிஏ டூர்) ஆடுகிற ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள், இருபதடி என்றால் நூற்றுக்குப் பதினைந்து. நீங்கள் கிரீனுக்கு முன்னாலேயே விழுந்து, அங்கிருந்து சிப் என்கிற சின்ன அடி அடித்து, எட்டடி மிச்சம் வைத்து, அதைப் போடவில்லையே என்று நொந்துகொள்கிறீர்கள். அந்த எட்டடி பட்டிங்கின் தப்பு இல்லை, 150 யார்டுக்கு முன்னால் செய்த தப்பின் வட்டி. அதில் பாதி, பந்து கிரீனில் ஏற ஆரம்பித்தாலே அடைந்துவிடும்.

ஆனால் முன்னாலேயே நிற்கிறது என்கிறீர்களே, அதில் ஒரு நிஜமான பிரச்சினை இருக்கிறது, அது உங்கள் வளவில் இருக்கிறது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது, அதுவும் பல வருஷம் துடைத்துத் துடைத்து மெருகேறிய தரை என்றால் பந்தைத் தொட்டாலே முற்றம் வரை போய்விடும். தினமும் ஒரு மணி நேரம் கை அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது. போட்டியில் புல் கிரீனுக்கு வந்ததும் அதே பூப்போன்ற தட்டுதான் வருகிறது, பந்து நிற்காமல் என்ன செய்யும்?

கல் தரையை விட வேண்டாம், திசைக்கு அதைப் போல ஒன்று கிடையாது. இரண்டு கல் சேர்கிற கோடு இருக்கிறதே, அதன் மேல் பந்தை வைத்து, பத்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வையுங்கள். கால்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம், டம்ளர் வாய் அதைவிடச் சின்னது, பந்து அதில் போனால் குழியில் போகும். இது பத்து நிமிஷம் போதும். அப்புறம் கல்யாண வீட்டு ஜமுக்காளத்தை விரித்து, அதன் மேல் ஆறடி, பன்னிரண்டடி, இருபதடி என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள், டம்ளர் வேண்டாம், பந்து எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். மிச்ச நேரம் முழுக்க இதற்குத்தான். போட்டிக்கு ஒருநாள் முன்னாலேயே போய் அங்குள்ள பழகும் கிரீனில் அரை மணி நேரம் நீளமான பட் மட்டும் அடித்துக் கையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மகன் அனுப்புகிற டிரைவர் வந்தால் வரட்டும், வேண்டாம் என்றால் பிள்ளை மனசு கஷ்டப்படும். ஆனால் டிரைவரில் பந்து படுகிற முகத்தின் துள்ளலுக்கு விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது, போன வருஷத்து டிரைவரும் அந்த வரம்பை ஒட்டித்தான் இருந்தது, அதனால் புதுசில் முப்பது யார்டு ஒளிந்திருக்காது. தண்டு மட்டும் பாருங்கள். நாற்பது வயது வேகத்துக்கு வாங்கிய விறைப்பான தண்டு இன்றைய வேகத்துக்கு வளையாது. கொஞ்சம் இளக்கமான தண்டு, முகம் இன்னும் ஒரு டிகிரி வானத்தைப் பார்த்துச் சாய்ந்தது, அதுவும் சீசனில் இடைவெளி விழும்போது மாற்றினால் போதும். பதினான்கு ஸ்டிக்தான் வைத்துக்கொள்ளலாம் என்பதால் 4 அயர்னை எடுத்துவிட்டு அடிக்கச் சுலபமான ஹைப்ரிட் ஸ்டிக் ஒன்று போடலாம், அந்த 4 அயர்னை நீங்கள் ஒன்பது ரவுண்டில் எத்தனை தடவை நன்றாக அடித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்விங்கை மாற்றச் சொன்ன நண்பரிடம் டிசம்பரில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். சீசன் நடுவில் ஸ்விங்கை மாற்றுவது பந்தி நடக்கும்போது அடுப்பை இடம் மாற்றுகிற வேலை. மூன்று போட்டியை வைத்து வருஷத்தை எடை போடவும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஜெர்மன் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்குக் குதிகால் தசைநார் அறுந்துபோனது, வயது 66. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, தடுமாறி, நவம்பரில் 50 தாண்டியவர்களுக்கான சீனியர் டூரின் அந்த வருஷக் கடைசிப் போட்டியை 67 வயதில் ஜெயித்தார். அது அவருடைய 47ஆவது சீனியர் டூர் வெற்றி.

ஒரு விஷயம் கடிதத்தில் பாதியில் விட்டிருக்கிறீர்கள்: முதல் நாலு ஹோலில் இடுப்பு பிடித்தமாதிரி இருக்கிறது என்று. காரில் இறங்கி நேரே முதல் அடி அடிக்கிற வயசு போய்விட்டது. இருபது நிமிஷம் வேகமாக நடந்து, இடுப்பையும் மேல் முதுகையும் மெதுவாகத் திருப்பி, கிட்டத் தூரத்துக்கான வெட்ஜ் ஸ்டிக்கில் அடிக்க ஆரம்பித்து டிரைவரில் முடியுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், கண்மாய் எங்கேயும் ஓடிப்போகாது.

அளந்த எண்ணையும் அடுத்த போட்டியின் கார்டுகளையும் சேர்த்து அனுப்புங்கள். ‘ஷார்ட்’ குறைந்து ‘லாங்’ என்று நாலைந்து வந்திருந்தால் கவலைப்படாமல் அனுப்புங்கள், எனக்கு அதைத்தான் பார்க்கணும்.