பல்கலைக்கழகத்துக்கு எடுத்த நிலம் 40 ஆண்டாகச் சும்மா கிடக்கிறது: திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பாவின் 4 ஏக்கர் புன்செய் நிலத்தை ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்காக எடுத்தார்கள். 1982 ஜூனில், நிலத்தை எடுக்கப்போகிறோம் என்ற 4(1) அறிவிக்கை வந்தது. 1985 ஜூனில் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அவார்டு (இழப்பீட்டு உத்தரவு) போட்டு, அதே மாதம் சுவாதீனமும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வேதனையிலேயே அப்பா நடைப்பிணமாக வாழ்ந்தார். இன்றுவரை அங்கே ஒரு செங்கல் வைக்கவில்லை, சீமைக் கருவேலம்தான் வளர்ந்து நிற்கிறது. இப்போது அதில் ஒரு பகுதியை வேறொரு அரசுத் துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஒருவர் 5 லட்சம் முன்பணம் கொடுத்தால் நிலத்தை மீட்டுத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பட்டாவைப் பார்த்துவிட்டு, கிரய ஒப்பந்தம் போடலாம் என்கிறார். கூடுதல் இழப்பீட்டு வழக்கில் சப்-கோர்ட் 1996-ல் தீர்ப்பளித்தது. அரசின் அப்பீல் 2015 ஆகஸ்டில் ஏக்கருக்கு 37,000 என்று முடிந்தது. 2018 ஜூனில் 6 லட்சம் கட்டினார்கள். 2019-ல் நிறைவேற்று மனு (தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்கப் போடும் மனு) முடிக்கப்பட்டது. அப்பா 2020-ல் காலமானார். நான், தம்பி, இரண்டு தங்கைகள் இருக்கிறோம். பக்கத்து நிலம் சித்தப்பாவுடையது, அவர் கோர்ட்டுக்கே போகவில்லை. நிலத்தை மீட்க என்ன வழி?

பதில்: நிலம் திரும்பாது. உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கும் விஷயம் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிகள்தான்: 2015 ஆகஸ்ட் தீர்ப்பு, 2018-ல் பாதிப் பணம், 2019-ல் முடிந்த நிறைவேற்று மனு. அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு கெடு. 2027 ஆகஸ்ட் தாண்டினால் மீதிப் பணமும் போய்விடும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, அவார்டு போட்டுச் சுவாதீனம் எடுத்த நிமிடமே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே கட்டடம் எழும்பியதா, கருவேலம் முளைத்ததா என்பது உங்கள் உரிமையைத் தொடாது. 1966-ல் மதுரை, 1982-ல் கோவை, திருச்சி, 1990-ல் நெல்லை என்று நம் பல்கலைக்கழகங்கள் ஊருக்கு வெளியே பெரும் பரப்பில் தொடங்கப்பட்டவை. அடுத்த 50 ஆண்டு விரிவாக்கத்துக்கென்று சேர்த்து எடுத்த நிலம் காலியாகக் கிடப்பதை நீதிமன்றம் குற்றமாகப் பார்ப்பதில்லை. வேறு துறைக்குக் கொடுத்ததும் அப்படித்தான். ஒரு பொதுக்காரியத்துக்கு எடுத்ததை இன்னொரு பொதுக்காரியத்துக்குப் பயன்படுத்தலாம். அதுவும் வேண்டாமென்றால் பொது ஏலத்தில் விற்க வேண்டுமே தவிர, பழைய உடைமையாளருக்குக் கொடுக்கக் கூடாது என்று கேரள அரசு எதிர் பாஸ்கரன் பிள்ளை வழக்கில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்களுக்கு முன்பணம் கேட்பவர் இரண்டு பிரிவுகளில் ஒன்றைக் காட்டியிருப்பார். ஒன்று, அந்த 1894 சட்டத்தில் தமிழ்நாடு 1997-ல் சேர்த்த 48-பி. தேவைப்படாத நிலத்தை, வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டினால், அரசு பழைய உடைமையாளருக்கு மாற்றித் தரலாம் என்கிறது அது. ஆனால் நிலம் அரசின் கையில் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. எந்த அமைப்புக்காக எடுத்தார்களோ அதனிடம் ஒப்படைத்த பிறகு பொருந்தாது என்று 2007-ல் வீட்டு வசதி வாரியம் எதிர் கீரவாணி அம்மாள் வழக்கில் முடிவாகிவிட்டது. பல்கலைக்கழகமும் தனிச் சட்டத்தால் உருவான தனி அமைப்புதான். இரண்டாவது, அதற்குப் பதிலாக வந்த 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 24(2). சுவாதீனமும் எடுக்கவில்லை, பணமும் தரவில்லை என்று இரண்டும் சேர்ந்தால்தான் ஆர்ஜிதம் (நில எடுப்பு) காலாவதியாகும் என்று 2020 மார்ச் 6-ல் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். உங்கள் அப்பா பணம் வாங்கியவர். சுவாதீனத்துக்குப் பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) ஒரு தாள் போதும், வேலி போட வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 101-வது பிரிவு, ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுகிறது. அது அந்தச் சட்டத்தின்கீழ் எடுத்த நிலத்துக்கு மட்டும்.

ஆகவே 5 லட்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா விஷயம் இதைவிட ஆபத்தானது. ஆர்ஜிதம் முடிந்ததும் தாலுகா அலுவலகம் பதிவேட்டைத் திருத்த வேண்டும். பல கிராமங்களில் அது நடக்கவில்லை. யூ.டி.ஆர். பதிவேடு (நில ஆவணங்களைப் புதுப்பித்த பதிவேடு) தயாரித்த ஆண்டுகளில் அப்படியே பழைய பெயர் ஏறிவிட்டது. அவார்டு பத்திரப் பதிவு ஆவதில்லை, எனவே வில்லங்கச் சான்றிலும் தெரியாது. வாங்க வருபவர் சிட்டா, வில்லங்கம் இரண்டையும் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்பார். நீங்கள் முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டால், நிலம் எடுக்கப்பட்டது தெரிந்தே விற்றீர்கள் என்பதற்கு உங்கள் அப்பாவின் வழக்குக் கட்டே சாட்சி. பணத்தைத் திருப்பிக் கேட்கும் சிவில் வழக்கு மட்டும் வராது. பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318, அதன்கீழ் மாவட்டக் குற்றப் பிரிவு அழைக்கும். சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிட்டார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

இனி பணம். கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கூடுதல் மதிப்பு ஏக்கருக்கு 30,000, நான்கு ஏக்கருக்கு 1,20,000. கட்டாயமாக எடுத்ததற்காக அதில் 30 சதவீதம் ஆறுதல் தொகை 36,000. அறிவிக்கையிலிருந்து அவார்டு வரை மூன்று ஆண்டுக்கு 12 சதவீதம் வீதம் 43,200. ஆக அசல் 1,99,200. சுவாதீன நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவீதம், அதன்பின் 15 சதவீதம் தனிவட்டி. 2018 ஜூன் வரை வட்டி மட்டும் 9,74,088. அன்று சேர வேண்டியது 11,73,288. கட்டியது 6 லட்சம்.

அந்த 6 லட்சம் எதில் கழிந்தது என்பதுதான் இப்போதைய சண்டை. தொகை குறைவாகக் கட்டினால் முதலில் வட்டியில் கழித்துக்கொள்ளத் தீர்ப்பாணைதாரருக்கு (வழக்கில் பணம் பெற வேண்டியவருக்கு) உரிமை உண்டு என்பது 2006-ன் குர்பிரீத் சிங் தீர்ப்பு. அப்படிக் கழித்தால் அசல் முழுதாக நிற்கிறது, ஆண்டுக்கு 29,880 ஓடிக்கொண்டே இருக்கிறது. 2026 ஜூன் கணக்கில் பாக்கி 8,12,328. எதிர்த்தரப்பு அசலில் முதலில் கழித்துக் காட்டும். அவர்கள் கணக்கில் பாக்கி 5,73,288, அதற்கு மேல் வட்டியே கிடையாது. அதே தீர்ப்பு உங்களுக்கும் ஓர் எல்லை போடுகிறது: 1985-ல் ஏக்கருக்கு 7,000 என்று கொடுத்து முடித்த பகுதியை இந்தக் கழிப்புக்குள் இழுக்க முடியாது. ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டா என்று தீர்ப்பாணை ஒன்றும் சொல்லாமல் இருந்தால், நிறைவேற்று நீதிமன்றம் அந்த வட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 19.9.2001-க்குப் பிறகுதான் தரும். அப்படியானால் மேலே உள்ள இரண்டு தொகையிலும் சுமார் 85,000 குறையும்.

கட்சிக்காரர்கள் விழும் குழி இதற்குள்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் கட்டிய பணத்தை எடுக்க செக் மனு போடுவார்கள். அவசரத்தில் குமாஸ்தா நீட்டும் மெமோவில் கையெழுத்து விழும். அதில் ‘எதிர்த்தரப்பின் கணக்கை ஏற்று’ என்றோ ‘முழுத் திருப்தி’ (பணம் முழுதும் வந்துவிட்டது) என்றோ ஒரு வார்த்தை இருந்தால், மீதி லட்சங்கள் அந்த இடத்திலேயே முடிந்தன. எனவே 2019 உத்தரவின் நகலை முதலில் எடுங்கள். பகுதித் திருப்தி பதிந்து முடித்திருந்தாலோ, ஆஜராகாததால் தள்ளுபடி செய்திருந்தாலோ, கெடுவுக்குள் புதிய நிறைவேற்று மனு போடலாம். முழுத் திருப்தி என்று பதிந்திருந்தால் நிலைமை கடினம். அப்பா கையெழுத்திட்ட மெமோவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேற்கொண்டு யாருக்கும் ஃபீஸ் கொடுக்காதீர்கள்.

கெடுவைப் பற்றி மூன்று தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. நகல் வாங்கிய நாளிலிருந்து எண்ணலாம் என்பது ஒன்று. நிறைவேற்று மனுவுக்கு அந்தச் சலுகை இல்லை, தீர்ப்பு நாளிலிருந்துதான் ஓடும். முதல் மனு 12 ஆண்டுக்குள் போட்டாயிற்று, அதனால் அடுத்ததற்குக் கெடு இல்லை என்பது இன்னொன்று. முடிந்துபோன மனு முடிந்ததுதான், புதியது அதே 12 ஆண்டுக்குள் வர வேண்டும். மூன்றாவது, கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துவிட்ட காலம். 15.3.2020 முதல் 28.2.2022 வரை கழிக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது. கெடு தவறியவர் வாதாட வேண்டிய விஷயம் அது, கெடு இருக்கும்போதே அதை நம்பி உட்காருபவர் வேண்டாத வழக்கை விலைக்கு வாங்குகிறார்.

தங்கைகளை விட்டுவிட்டு நீங்களும் தம்பியும் மட்டும் மனு போடாதீர்கள். ‘சீர் செய்து கொடுத்துவிட்டோம்’ என்பது வாரிசுரிமையைக் கரைக்காது. நால்வருக்கும் பங்கு சமம், அம்மா இருந்தால் ஐவருக்கும். விடுபட்ட ஒரு தங்கை ஆட்சேபம் போட்டால் கட்டிய பணம் நீதிமன்றக் கணக்கிலேயே உறையும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழோடு நிற்க வேண்டாம். நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று கேட்டுவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும், அந்த மனுவை இப்போதே போட்டு வையுங்கள்.

எதிர்த்தரப்பில் நில எடுப்பு அலுவலரையும் பல்கலைக்கழகத்தையும் சேருங்கள், தீர்ப்பாணையில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஒருவரை விட்டுவிட்டால் அரசு ‘பல்கலைக்கழகம் தர வேண்டும்’ என்னும், பல்கலைக்கழகம் ‘அரசு நிதி ஒதுக்கவில்லை’ என்னும், வாய்தா ஓடும். அமீனாவோடு போய் கலெக்டர் அலுவலக ஜீப்பையும் நாற்காலியையும் ஜப்தி செய்வது பத்திரிகையில் படமாக வரும். அன்று மாலையே ஏதோ ஒரு தொகை கட்டி ஜீப்பை மீட்பார்கள். அந்த ‘ஏதோ ஒரு தொகை’யை வட்டியில் கழிக்கிறோம் என்று அன்றே எழுத்தில் மெமோ போடாவிட்டால் 2018-ன் குழப்பம் மறுபடி தொடங்கும்.

நேராகச் சொல்கிறேன்: மனுவைப் போட்ட கையோடு, சமரசமாகப் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போங்கள். ஓய்வூதியமே தள்ளிப்போகும் பல்கலைக்கழகங்கள் இருக்கும் காலம் இது. கடைசி ரூபாய்வரை இழுத்தால் உங்கள் பிள்ளைகள்தான் வாங்குவார்கள். ஆறுதல் தொகைக்கு வட்டி உண்டு என்று தீர்ப்பாணையில் இருந்தால் 7 லட்சம், இல்லாவிட்டால் 6 லட்சத்தைச் சுற்றி வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்குப்படி ஒப்புக்கொள்ளும் தொகைக்குக் கீழே இறங்கத் தேவையே இல்லை. 90 நாளுக்குள் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், தவறினால் முழுத் தீர்ப்பாணையும் வட்டியோடு உயிர்பெறும் என்ற வரி லோக் அதாலத் அவார்டில் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். லோக் அதாலத் அவார்டுக்கு அப்பீல் கிடையாது, அந்த வரியை விட்டுவிட்டால் பிறகு சேர்க்க முடியாது. 2027 ஆகஸ்டைத் தாண்டிப் பேச்சுவார்த்தையை இழுக்கும் உத்தியையும் எதிர்பாருங்கள். நிறைவேற்று மனு கோப்பில் எண் விழுந்த பிறகுதான் பேச்சு. கையில் வரும் பணத்தில் வட்டிப் பகுதி வருமான வரிக்கு உட்பட்டது, அதில் பாதி கழிவு உண்டு. நான்கு பேரின் பான் எண்ணையும் முன்கூட்டியே கொடுங்கள், இல்லாவிட்டால் பிடித்தம் கூடும்.

சித்தப்பாவுக்கு வழியில்லை. அதே அறிவிக்கையில் நிலம் இழந்து, கோர்ட்டுக்குப் போகாதவர்களுக்காகத்தான் 1894 சட்டத்தில் 28-ஏ பிரிவு இருந்தது. கூடுதல் இழப்பீடு கொடுத்த நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து, நகல் எடுத்த நாட்களைக் கழித்து, 3 மாதத்துக்குள் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்க வேண்டும். 1996-லிருந்து எண்ணினாலும், 2015-லிருந்தே எண்ணினாலும் அது முடிந்த கதை. நீங்கள் லோக் அதாலத்தில் வாங்கும் அவார்டைக் காட்டி அவர் புதிதாகக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால், அதையும் 2022-ல் நொய்டா எதிர் யூனுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. அவரிடமும் பழைய பட்டா இருக்கும். கிரய ஒப்பந்தக்காரர் அடுத்துத் தட்டப்போவது அவர் கதவைத்தான், இன்றே சொல்லிவையுங்கள்.