தங்குவது பார்சிலோனாவில், விசா மட்டும் பிரான்ஸிலா?

கேள்வி: மே மாத விடுமுறையில் நான், மனைவி, 13 வயது மகள், 5 வயது மகன் நான்கு பேரும் பார்சிலோனாவில் 6 நாள், பிரான்ஸின் நீஸ் நகரில் 3 நாள் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஸ்பெயின் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்கிறார் ஏஜென்ட். "பிரான்ஸ் விசாவுக்குப் போட்டுவிடலாம், ஹோட்டல் புக்கிங்கை நீஸில் 6 நாள் என்று மாற்றிக் காட்டி, விசா வந்ததும் ரத்து செய்துவிடலாம்" என்கிறார். ஆளுக்கு 12,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார். ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) எல்லா நாட்டுக்கும் செல்லும் என்பதால் இதில் தவறில்லையே? (திருச்சி வாசகர்)

பதில்: தவறுதான். செய்யாதீர்கள்.

ஷெங்கன் விசா எல்லா உறுப்பு நாடுகளுக்கும் செல்லும் என்பது உண்மை. ஆனால் அதை எந்த நாட்டிடம் கேட்க வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு அது எளிது: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் திட்டப்படி அது ஸ்பெயின். நீஸிலிருந்து ரயிலேறி பக்கத்துக் குட்டி நாடான மொனாக்கோவைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பினால் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டு நாட்டிலும் சமமான நாட்கள் தங்கினால் மட்டும் கணக்கு வேறு. அப்போது முதலில் எந்த நாட்டின் வழியாக உள்ளே நுழைகிறீர்கள் என்று பார்ப்பார்கள். உதாரணமாக, பார்சிலோனாவில் 5 நாள், நீஸில் 5 நாள். துபாயிலிருந்து விமானம் ஏறி நேராக நீஸில் இறங்கினால் பிரான்ஸிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே 5, 5 நாட்களுக்கு முதலில் பார்சிலோனாவில் இறங்கினால் ஸ்பெயினிடம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் அதிகம் குழப்புவது இங்கேதான். சம நாட்கள் என்றால் எந்த நாட்டையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை, நுழையும் இடம்தான் தீர்மானிக்கும். 5, 4 என்று ஒரு நாள் கூடிவிட்டாலோ நுழையும் இடத்துக்கு வேலையே இல்லை, அதிக நாள் தங்கும் நாடுதான்.

ஆகவே பிரான்ஸ் அப்பாயின்ட்மென்ட் எளிதாகக் கிடைக்கிறது என்றால், பயணத்தையே நிஜமாக மாற்றுங்கள். நீஸில் 5 நாள், பார்சிலோனாவில் 4 நாள் என்று வைத்துக்கொண்டு பிரான்ஸிடம் விண்ணப்பியுங்கள். அது முறையானது. காகிதத்தில் மட்டும் மாற்றுவது பொய்த் தகவல்.

மாட்டினால் என்ன ஆகும்? விமான நிலையத்தில் ஹோட்டல் புக்கிங்கைக் கேட்க குடியேற்ற அதிகாரிக்கு உரிமை உண்டு. ஏமாற்றிப் பெற்ற விசா என்று தெரிந்தால் அங்கேயே அதைச் செல்லாததாக்கலாம். விண்ணப்ப நிலையிலேயே நிராகரித்தால் கட்டணம் திரும்ப வராது. அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தொகுப்பில் 5 ஆண்டுகள் வரை இருக்கும். நாளைக்கு உங்கள் மகள் மேற்படிப்புக்காக பிரிட்டனுக்கு விசா கேட்கும்போது, முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். அன்றைக்கு அந்த ஏஜென்ட் உங்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்.

அப்புறம் அந்த 12,000 ரூபாய். 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. உங்கள் மகளுக்கும் அதே முழுக் கட்டணம்தான். மகனுக்குக் கட்டணம் கிடையாது. இதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் சேரும். இவ்வளவுதான் நீங்கள் கட்ட வேண்டியது. விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. ஏஜென்ட்டுக்கும் சரி, மையத்தில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தரும் சொகுசு அறைக்கும் சரி, அதில் எந்தச் செல்வாக்கும் இல்லை.

அப்பாயின்ட்மென்ட் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்பீர்கள். பொதுவாக, கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் தர வேண்டும் என்பது ஐரோப்பிய விசா விதி. கோடை வந்தால் அதை யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. விடுமுறைக் கூட்டம் வருடா வருடம் வருவதுதான், ஆனாலும் ஏற்பாடு செய்ய மாட்டார்கள். அந்த ஓட்டையில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்க வேண்டியதை மொத்தமாகப் பிடித்து வைத்து நமக்கே விற்கிறார்கள். இது கோபப்பட வேண்டிய விஷயம், பணிந்து போக வேண்டிய விஷயம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது முன்கூட்டியே தொடங்குவது. கிளம்பும் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே 10 பயணம் என்றால் நவம்பரிலேயே வாசல் திறந்துவிடும். முடிவு சொல்ல 15 நாள், சில நேரம் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். அப்பாயின்ட்மென்ட்டை நான்கு பேருக்கும் சேர்த்து எடுங்கள், கைக்குழந்தையாக இருந்தாலும் தனி விண்ணப்பம் வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஹோட்டலை ரத்து செய்யும் வசதியோடு உங்கள் பெயரில் நீங்களே புக் செய்யுங்கள். ஏஜென்ட் தரும் போலி டிக்கெட்டும், சில நாளுக்கு மட்டும் வங்கிக் கணக்கில் போட்டு எடுக்கும் பணமும் வேண்டவே வேண்டாம். திடீரென்று வந்த லட்சங்கள் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். பார்சிலோனாவில் கடற்கரையை ஒட்டி மலிவாக அபார்ட்மென்ட் என்றால், அதன் சுற்றுலா உரிம எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டுகள் ஏற்கெனவே அந்த ஏஜென்ட் கையில் இருந்தால், முதல் வேலையாக நான்கையும் திரும்ப வாங்குங்கள். உங்கள் பெயரில் ஏதாவது விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பதிலையும் வாங்கி வையுங்கள்.