குடும்ப வரலாறு தேட எங்கிருந்து தொடங்குவது? சொந்தக்காரர்களை எப்படிப் பேச வைப்பது?

முதலில் மொய் நோட்டைத் தேடுங்கள். எங்கள் வீட்டுப் பரண் டிரங்குப் பெட்டியில், அப்பா கல்யாணத்து நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர். சிலவற்றின் பக்கத்தில் "பெரியப்பா சம்பந்தி" என்று பென்சில் குறிப்பு. அதை அத்தையிடம் காட்டி, "இவர் நமக்கு என்ன முறை?" என்றேன். இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. "பழைய கதை சொல்லுங்க" என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. தப்பாக ஒரு உறவுமுறை சொல்லிப் பாருங்கள், திருத்த நாலு பேர் வருவார்கள்!

அடுத்து பழைய கிரயப் பத்திரங்கள். "இன்னார் குமாரர் இன்னார்" என்றிருப்பதால் ஒரு தலைமுறை மேலே போகலாம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு, இனிஷியல்தான். அதனால் பெயரோடு ஊரையும் எழுதி வையுங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே பெயரில் இருவர் வருவார்கள், கவனம். குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள், பங்காளிகள் அங்கேதான் கூடுவார்கள்.