அம்மா அப்பாவுக்கு அறையா, தனி வீடா? ஜோனிங் போர்டுக்குப் போகும் முன் தீர்மானியுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சி, மிடில்செக்ஸ் கவுண்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மனை 60-க்கு 100 அடி. கோயம்புத்தூரில் இருக்கும் என் அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, அடுத்த வருடம் இங்கேயே வந்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கராஜுக்குப் பின்னால் படுக்கையறை, குளியலறை, சின்ன சமையலறையோடு ஒரு தனிப் போர்ஷன், அதற்கு மேலே எங்களுக்கு ஓர் அறை என்று பிளான் போட்டோம். ஊரின் நில உபயோக விதிகளைப் பார்க்கும் ஜோனிங் ஆபீசர் மறுத்துவிட்டார். பக்கவாட்டில் 10 அடி விட வேண்டுமாம், எங்கள் வீடோ ஏற்கெனவே ஏழரை அடியில் நிற்கிறது. அதோடு, இது ஒற்றைக் குடும்ப வீடுகளுக்கான பகுதி, இரண்டாவது குடியிருப்பு கூடாது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்க்கிறார். அம்மா அப்பா ஊருக்குப் போகும் மாதங்களில் குறைந்த வாடகைக்கு விடலாம் என்றும் எண்ணம். 'அஃபோர்டபிள் ஹவுசிங், அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடு, என்று சொன்னால் விலக்குக் கொடுக்கும் ஜோனிங் போர்டு மறுக்க முடியாது' என்கிறார் ஒரு நண்பர். 'பேசாமல் பேஸ்மென்டில் கட்டிவிடு' என்கிறார் இன்னொருவர். கலிபோர்னியாவில் என் மைத்துனருக்கு இரண்டே மாதத்தில் பெர்மிட் கிடைத்தது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: மறுப்புக் கடிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். அதில் ஒரு மறுப்பு இல்லை, இரண்டு இருக்கின்றன. பக்கவாட்டு இடைவெளி போதாது என்பது ஒன்று. இரண்டாவது குடியிருப்பு கூடாது என்பது இன்னொன்று. சட்டத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வாசல். முதல் வாசலில் நியாயமான காரணத்தோடு போனால் பெரும்பாலும் வழி கிடைக்கும். இரண்டாவது மிகவும் குறுகலானது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால், கடினமானது சுலபமானதையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும்.

அதனால் போர்டுக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள். உங்களுக்குத் தேவை அம்மா அப்பா வசதியாக இருக்க ஓர் இடமா, வாடகைக்கு விடக்கூடிய ஒரு வீடா?

அம்மா அப்பா உங்களோடு இருப்பதற்கு எந்த போர்டின் அனுமதியும் வேண்டாம். ஒரு வீட்டில் யார் யார் சேர்ந்து வாழலாம் என்பதை ரத்த உறவை வைத்து ஊராட்சி தீர்மானிக்க முடியாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1979-லேயே பிளெயின்ஃபீல்டு வழக்கில் சொல்லிவிட்டது. பெற்றோர் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. எந்த ஊரின் விதியும் அவர்களை உங்கள் குடும்பம் என்றுதான் பார்க்கும். கீழே ஒரு படுக்கையறை, பிடிமானக் கம்பியோடு ஒரு குளியலறை, உட்கார ஒரு சின்ன ஹால் கட்டினால் அது 'அடிஷன்', அதாவது இருக்கிற வீட்டின் நீட்டிப்பு. அது இரண்டாவது குடியிருப்பு ஆவதே பெரும்பாலும் அந்தச் சமையலறையால்தான்.

இது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். பெரியவர்களுக்குத் தனியாகச் சைவச் சமையல் வேண்டும், விடியற்காலையில் எழுந்து காபி போட வேண்டும், கிரைண்டர் வைக்க இடம் வேண்டும். நமக்கு அது சாதாரணம். பிளானைப் பார்க்கும் போர்டு உறுப்பினருக்கு அது ஒரு வாடகை வீட்டின் அடையாளம். போர்டு நடத்தும் விசாரணையான ஒரு ஹியரிங்கில் நான் கண்ணால் பார்த்தேன். பிளானில் 'வெட் பார்' (சிங்க் வைத்த பானம் கலக்கும் இடம்) என்று எழுதியிருந்த மூலையில் ஓர் உறுப்பினர் பென்சிலை வைத்தார். 'இந்தச் சுவரில் 240 வோல்ட் பிளக் பாயின்ட் எதற்கு?' என்று கேட்டார். இங்கே அது மின் அடுப்பு போன்றவற்றுக்கு வைப்பது. குடும்பத் தலைவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை சாதகமாக இருந்தவர்கள்கூட அதன்பிறகு அந்தக் குடும்பம் சொன்ன எதையும் நம்பத் தயங்கினார்கள். மறைத்து எழுதாதீர்கள். சிங்க், சின்ன ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் வரை பல ஊர்களில் விடுவார்கள். அடுப்பு வந்தால்தான் பிரச்சினை. உங்கள் ஊர் ஆர்டினன்ஸில், அதாவது ஊரின் விதித்தொகுப்பில், 'குடியிருப்பு அலகு', 'சமையலறை' என்ற சொற்களுக்கு என்ன வரையறை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்லாமே அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது.

இங்கே வீட்டு புரோக்கர்கள் 'மதர்-டாட்டர் வீடு' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளேயே ஒரு கதவு, ஒரே முன்வாசல், ஒரே மின் மீட்டர், பெரியவர்களுக்குத் தனிப் பகுதி. சில ஊர்கள் இதற்குள் இரண்டாவது அடுப்பையும் அனுமதிக்கின்றன, வாடகைக்கு விட மாட்டோம் என்று பத்திரத்தில் பதிவு செய்தால். உங்கள் ஊரில் அந்த வழி இருந்தால், அதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

இப்போது ஏழரை அடி விஷயம். பழைய சுவர் எப்போதோ கட்டியது, அது அப்படியே நிற்கலாம். அதே கோட்டில் பின்னால் நீட்டுவதற்கும் மேலே எழுப்புவதற்கும் வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து விலக்கு, கேட்க வேண்டும். 1975-ல் வந்த நகராட்சி நில உபயோகச் சட்டத்தில் இதற்கு 'சி' வேரியன்ஸ் என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. மனையின் குறுகல், வடிவம், சரிவு, ஏற்கெனவே முறைப்படி நிற்கும் கட்டடம் இவற்றால் விதியைக் கடைப்பிடிப்பது கஷ்டம் என்று காட்டுவது ஒன்று. விலகலால் ஊருக்குக் கிடைக்கும் நன்மை பாதிப்பைவிட அதிகம் என்று காட்டுவது இன்னொன்று. ஹியரிங்குக்கு வந்தவர்களில் பெரும்பான்மை ஆதரித்தால் போதும்.

சொல்வதற்கு எனக்கே மனசு வராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி இந்தக் கணக்கில் வராது. சட்டம் கேட்பது மனையின் கஷ்டத்தை, மனிதரின் கஷ்டத்தை அல்ல. இன்றைக்கு நீங்கள் இருப்பீர்கள், நாளைக்கு விற்றுவிட்டுப் போவீர்கள், கட்டடமும் விலக்கும் மனையோடேயே இருக்கும் என்பதுதான் அதன் நியாயம். போர்டு முன்னால் கண் கலங்கிப் பேசிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்களுக்கும் கண் கலங்கியது, ஆனால் தீர்மானத்தில் எழுதக் காரணம் கிடைக்கவில்லை. அதனால் மனையைப் பற்றிப் பேசுங்கள். பத்து அடிக்கு உள்ளே தள்ளிக் கட்டினால் கூரைக்கோடு எப்படி உடையும், இருக்கும் படிக்கட்டு எங்கே இடிக்கும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வைக்காமல் எப்படி வரைந்திருக்கிறோம் என்பதை ஆர்க்கிடெக்ட் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்லட்டும். அம்மாவின் நடமாட்டத்தையே பெரிதும் கட்டுப்படுத்தும் அளவுக்கு ஊனம் இருந்தால் கதை வேறு. மத்திய அரசின் நியாய வீட்டு வசதிச் சட்டப்படி 'நியாயமான வசதி' கேட்டுத் தனியாக எழுதலாம். மருத்துவரின் கடிதத்தோடு இதில் அனுபவமுள்ள ஒரு வக்கீலிடம் நேரில் காட்டுங்கள்.

மேல்மாடி அறையை ஏழரை அடியில் எழுப்பாமல் இரண்டரை அடி உள்ளே தள்ள முடிந்தால் தள்ளிவிடுங்கள். கேட்கும் விலக்கு ஒன்று குறையும், பக்கத்து வீட்டுக்காரரின் கோபமும் குறையும். கட்டடப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் விகித வரம்பு உங்கள் பகுதியில் உண்டா என்றும் ஆர்க்கிடெக்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் 'சி' போதாது, அடுத்து சொல்லப்போகும் 'டி' தேவைப்படும்.

தனி அபார்ட்மென்ட்டேதான் வேண்டும் என்றால் 'டி' வேரியன்ஸ், அதாவது நிலத்தின் உபயோகத்தையே மாற்றும் விலக்கு. இதற்கு ஏழு பேர் போர்டில் ஐந்து ஓட்டு வேண்டும். வந்தவர்களில் பெரும்பான்மை என்ற கணக்கு இதில் இல்லை. ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஐந்து பேருமே ஆம் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ராத்திரி அமைந்தால், ஓட்டெடுப்புக்கு முன்பே எழுந்து அடுத்த தேதி கேளுங்கள், வழக்கமாகக் கொடுப்பார்கள். இந்த மனை இந்த உபயோகத்துக்கு எப்படிக் குறிப்பாகப் பொருந்துகிறது என்று காட்ட, பெரும்பாலும் லைசென்ஸ் பெற்ற பிளானர் (ஊரமைப்பு நிபுணர்) ஒருவரை வைத்துச் சாட்சி சொல்ல வைக்க வேண்டியிருக்கும். செலவும் அதிகம், நிச்சயமும் இல்லை.

'அஃபோர்டபிள்' என்று சொன்னால் போதும் என்ற நண்பரின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஒவ்வொரு ஊரும் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குத் தன் பங்கு வீடுகளுக்கு வழி செய்ய வேண்டும் என்று 1975-லும் 1983-லும் மவுன்ட் லாரல் வழக்குகளில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985-ல் அது சட்டமானது, 2024-ல் அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. சில ஊர்கள் தங்கள் பங்கைக் காட்ட, வீட்டோடு சேர்ந்த சின்ன அபார்ட்மென்ட் கட்டுபவருக்கு உதவித்தொகைகூடக் கொடுக்கின்றன. 'டி' வேரியன்ஸிலும் இந்த வகை வீடு பொதுநலன் சார்ந்த உபயோகமாகக் கருதப்படும் என்பதால், நிரூபிக்க வேண்டிய சுமை குறையும்.

மீதிப் பாதி உங்கள் நண்பருக்குத் தெரியவில்லை. வாடகையைக் குறைவாக வாங்குவேன் என்று வாயால் சொல்வது அஃபோர்டபிள் ஆகாது. பத்திரத்தில் கட்டுப்பாடு பதிவாக வேண்டும். இந்த வகைத் திட்டங்களில் பொதுவாகப் பத்து வருடமாவது இருக்கும். வாடகை எவ்வளவு என்பது விதிப்படி கணக்கிடப்படும். யார் குடிவருவார்கள் என்பதும் உங்கள் கையில் இருக்காது. பொது விளம்பரம் கொடுத்து, வருமானத்தைச் சரிபார்த்து, அதற்கென்று இருக்கும் நிர்வாகி அனுப்புவார். அந்த வீட்டில் உங்கள் அம்மா அப்பாவைக் குடிவைக்கவும் முடியாது, அவர்கள் ஊருக்குப் போகும் மூன்று மாதத்துக்கு மட்டும் வெளியே விடவும் முடியாது. உண்மையிலேயே ஒரு குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இடம் கொடுக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல திட்டம். பலர் முன்வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அம்மாவுக்கு அறை கட்ட நினைக்கும் உங்களுக்கு இது தவறான வண்டி.

மைத்துனரோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். கலிபோர்னியாவில் மாநில அரசே சட்டம் போட்டு, கொல்லைப்புறச் சின்ன வீடுகளுக்கு ஹியரிங் இல்லாமல், முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று ஊர்களின் கையைக் கட்டிவிட்டது. இங்கே அந்தந்த ஊர் ஆர்டினன்ஸ்தான் பேசும். பிரின்ஸ்டன், மேப்பிள்வுட் போன்ற ஊர்கள் துணைக் குடியிருப்புகளுக்கு வாசலைத் திறந்திருக்கின்றன. உங்கள் ஊர் ஏன் திறக்கக் கூடாது என்று டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அங்கே அம்மாவின் முழங்காலைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். விதியை மாற்றும் இடம் அதுதான்.

பேஸ்மென்ட் யோசனையைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில், பக்கத்தில் நியூயார்க் நகரத்தில் மட்டும் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் மூழ்கி இறந்தார்கள். மாடி ஏற முடியாத அம்மாவைப் படி இறங்கித்தான் போக வேண்டிய அறையில், தப்பிக்க ஜன்னல் இல்லாமல், படுக்க வைக்கவா போகிறீர்கள்? சட்டப்படியும் ஆபத்து. அனுமதியில்லாத குடியிருப்பு என்று வாடகைதாரரை ஊர் வெளியேற்ற வைத்தால், ஆறு மாத வாடகையை அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். அபராதம் தனி.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவோம். சர்வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பெரும்பாலான எதிர்ப்பு மூன்று விஷயங்களில்தான் நிற்கும்: மழைத்தண்ணீர் அவர் பக்கம் வழியுமா, தெருவில் கார் நிறுத்த இடம் போய்விடுமா, வாடகைக்கு ஆள் வருமா. வாடகைக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டால் மூன்றாவது தானாகப் போய்விடும். முதல் இரண்டுக்கும் பிளானிலேயே பதில் வரையலாம். தெருவில் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கும் வேலை வேண்டாம். கையெழுத்திட்டவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதற்கு மதிப்பு இல்லை. ஆதரிக்கும் ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரர் நேரில் வந்தாலே பெரிய பலம்.

நோட்டீஸ் விஷயத்தில் ஒரு சின்னத் தப்புகூடக் கூடாது. உங்கள் மனையிலிருந்து 200 அடிக்குள் இருக்கும் எல்லா உரிமையாளர்களுக்கும், ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்னால், சர்ட்டிஃபைடு தபாலிலோ நேரிலோ நோட்டீஸ் போக வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளியாக வேண்டும். பட்டியலை டவுன்ஷிப்பிடமே வாங்குங்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அன்று ஹியரிங் நடக்காது, நடந்தாலும் பின்னால் கோர்ட்டில் நிற்காது. வீடு உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் நீங்களே வாதாடலாம். எல்எல்சி (ஒருவகைக் கம்பெனி) பெயரில் இருந்தால் வக்கீல் கட்டாயம்.

ஆபீசர் விதியைத் தவறாகப் படித்திருக்கிறார், உங்கள் பிளானில் இருப்பது சமையலறையே இல்லை என்று நினைத்தால், அவர் முடிவிலிருந்து 20 நாளுக்குள் போர்டில் அப்பீல் போட வேண்டும். கடிதத்தின் தேதியை இன்றே பாருங்கள். வேரியன்ஸ் கேட்பதற்கு இந்தக் கெடு இல்லை. விண்ணப்பம் முழுமையானதிலிருந்து 120 நாளுக்குள் போர்டு முடிவெடுக்க வேண்டும், ஓட்டெடுத்த 45 நாளுக்குள் எழுத்தில் தீர்மானம் வர வேண்டும்.

தீர்மானம் சாதகமாக வந்த அன்றே கான்ட்ராக்டரைக் கூப்பிடாதீர்கள். முடிவின் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாள் வரை பக்கத்து வீட்டுக்காரர் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம். டவுன்ஷிப் எப்போது வெளியிடும் என்று காத்திருக்காமல் அந்த அறிவிப்பை நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியான நாளை காலண்டரில் குறித்து, 46-ஆம் நாள் அஸ்திவாரம் தோண்டச் சொல்லுங்கள்.