நீர்த்தாவரங்கள்: கேட்டதும் சொன்னதும்

பூ இல்லாத நேரத்தில் தாமரையையும் அல்லியையும் எப்படிப் பிரித்தறிவது?

இலையைப் பாருங்கள். அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் வந்து சேரும். முதிர்ந்த தாமரை இலைகள் நீருக்கு மேலே எழுந்தும் நிற்கும். பார்வைக்கு அக்கா தங்கை போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

சேற்றில் காற்றே கிடையாதே, கிழங்கு எப்படி அழுகாமல் இருக்கிறது?

தாமரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள், நீளவாக்கில் துளைகள் ஓடும். இலை வாங்கும் காற்று அந்த வழியாகத்தான் கிழங்கு வரை இறங்குகிறது. மிதக்கும் இலைகளுக்குச் சுவாசத் துளைகள் மேல்பக்கத்தில்தான் இருக்கும். அடிப்பக்கம்தான் தண்ணீரில் படிந்து கிடக்கிறதே!

முழுக்க நீருக்குள்ளேயே வாழும் செடி பூக்குமா, சார்?

பூக்கும். எனக்குப் பிடித்தது வாலிஸ்நேரியா, நாடா போல் நீண்ட இலை கொண்டது. அதன் ஆண் மொட்டுகள் அடியிலேயே அறுந்து, மேலே மிதந்து வந்து விரிந்து, காற்றடிக்கும் பக்கம் நகரும். பெண் பூ நீண்ட மெல்லிய காம்பில் ஏறி நீர்மட்டத்தில் காத்திருக்கும். அதைச் சுற்றி நீர்ப்பரப்பு லேசாகக் குழிந்திருப்பதால் பக்கத்தில் வரும் ஆண் பூக்கள் சறுக்கி உள்ளே விழும். அப்புறம் காம்பு சுருண்டு, காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும்.

சில நீர்நிலைகளில் விதவிதமாக இருக்கிறது, சிலவற்றில் ஆளுயரக் கோரை போல நிற்கும் சம்பு மட்டும். ஏன்?

முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று ஆழம். சரிவான கரை இருந்தால் ஓரத்தில் கோரை, கொஞ்சம் உள்ளே அல்லி, அதற்கும் உள்ளே மூழ்கிய பாசிச்செடிகள் என்று வரிசையாக இடம் கிடைக்கும். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் அந்த வரிசையே போய்விடும். அழகுபடுத்துகிறோம் என்று இதைச் செய்வது எனக்கு எரிச்சல். இன்னொன்று உரமும் கழிவுநீரும். சத்து மிகுந்தால் சம்பு போல வேகமாக வளரும் ஒன்றிரண்டு மற்றவற்றை அமுக்கிவிடும்.

கோடையில் வற்றினால் எல்லாம் செத்துவிடாதா?

பெரும்பாலும் இல்லை. விதைகளும் கிழங்குகளும் சேற்றில் உறங்கும். ஆரைக்கீரை பெரணி வகை, விதை கிடையாது. விதைக்குப் பதிலாக அது உண்டாக்கும் நுண்ணிய வித்துகள் கெட்டியான உறைக்குள் பல ஆண்டு உலர்ந்து கிடந்தும் நீர் பட்டதும் முளைக்கும். மட்டம் இறங்கும்போது மட்டுமே முளைக்கும் செடிகளும் உண்டு. அதனால் வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் நீரைத் தேக்கினால் வகைகள் குறையும்.

தொட்டியில் மிஞ்சிய ஆகாயத்தாமரையைக் குளத்தில் விடலாமா?

வேண்டவே வேண்டாம். சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும், அடியில் உள்ளவற்றுக்கு வெளிச்சமே போகாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.