சியோல்ல ஒரு டின்னருக்கு 44,000 ரூபாயா? போங்க, ஆனா முதல்ல அந்த கார்டு பாக்கியை மூடுங்க

கேள்வி: சார், கல்யாணமாகி 5 வருஷம் ஆகுது, நானும் வீட்டுக்காரரும் அக்டோபர்ல சியோல் போறோம். டிக்கெட், ரூம் எல்லாம் சேத்து வச்ச காசுல கட்டியாச்சு. எனக்கு ஒரே ஒரு ஆசை, அங்க மிஷ்லின் ஸ்டார் (மிஷ்லின்னு ஒரு சாப்பாட்டு கைடு நல்ல ஹோட்டலுக்கு குடுக்கற மரியாதை) வாங்கின ஒரு கொரியன் ரெஸ்டாரன்ட்ல டேஸ்டிங் மெனு டின்னர், அதான் ஷெஃப் முடிவு பண்ணி குட்டி குட்டியா வரிசையா தர்ற சாப்பாடு, சாப்பிடணும். ஒரு ஆளுக்கு 3,50,000 வோன். ரெண்டு பேர் சம்பளமும் சேத்து கைக்கு 1,45,000 வருது, வீட்டு லோன் 38,000, எஸ்ஐபி 15,000 போகுது. எஃப்டி 2,50,000 இருக்கு. கிரெடிட் கார்டுல ஒரு 60,000 ஓடிட்டு இருக்கு, ஆனா மினிமம் மாசாமாசம் கரெக்டா கட்டிடறேன். ஜூலைல போனஸ் 1,10,000 வரும், அதுல இதை பண்ணலாமா? அவர் சைவம், முட்டை கூட தொட மாட்டார். மாமியார் வேற "அந்த காசுக்கு ஒரு மோதிரம் எடுக்கலாம்ல"ன்னு தினமும் ஆரம்பிச்சுடறாங்க. - கோயம்புத்தூர் வாசகி

பதில்: மாமியார் மேட்டரை முதல்ல முடிச்சுடுவோம். மோதிரம் எடுத்தா செய்கூலி, சேதாரம், அதுக்கு மேல 3% ஜிஎஸ்டி எல்லாம் போயிடும், சேமிப்புன்னு நினைச்சு வாங்குறவங்க இதை கணக்குல எடுக்கறதே இல்ல. ஆனா இதை அவங்ககிட்ட போய் சொல்லாதீங்க மா, ஜெயிக்க மாட்டீங்க.

இப்போ கணக்கு. ஒரு ரூபாய்க்கு சுமாரா 16 வோன்னு வச்சுக்கோங்க, 7 லட்சம் வோன் 43,750 ரூபாய் வருது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, உங்க வருமானத்துக்கு, இது ஒண்ணும் குடும்பத்தை கவுக்குற செலவு கிடையாது. நீங்க கேள்வியில பெருசா எழுதினது டின்னரை, எனக்கு கண்ணுல பட்டது நடுவுல சத்தமில்லாம ஒரு வரியில போன அந்த 60,000. "மினிமம் கரெக்டா கட்டிடறேன்"னு பெருமையா வேற எழுதியிருக்கீங்க! நிறைய கார்டுல வட்டி மாசம் 3.5% வாக்குல இருக்கும், 60,000க்கு 2,100, அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 378, ஆக மொத்தம் மாசம் 2,478. மினிமம்னு நீங்க கட்டுற 3,000 சொச்சத்துல அசல் குறையறது 500 ரூபாய் தான். இப்படியே ஒரு வருஷம் ஓட்டுனா கிட்டத்தட்ட 29,000 வட்டிக்கே போகும். ஒரு ஆள் டேஸ்டிங் மெனு 22,000 தான் மா, அதை விட அதிகமா பேங்க் வருஷாவருஷம் உங்க காசுல சாப்பிட்டுட்டு இருக்கு, அதுக்கு ஒரு போட்டோ கூட இல்ல.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, பல பேருக்கு தெரியறதில்ல. கார்டுல பழைய பாக்கி ஓடிட்டு இருந்தா புதுசா தேய்க்கறதுக்கு அந்த 45 நாள், 50 நாள் வட்டி இல்லா காலம் கிடையாது, சியோல்ல பில்லுக்கு கார்டை நீட்டின அன்னைக்கே டின்னருக்கும் வட்டி மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும். அதனால போனஸ் வந்த அன்னைக்கே 60,000ஐ ஒரேடியா கட்டி மூடுங்க, சாயங்காலம் வரைக்கும் கூட வைக்காதீங்க. மிச்சம் 50,000. அதுல டின்னர் 43,750, கார்டுக்காரன் ஃபாரின் செலவுக்கு மேல போடற கட்டணம், மார்க்கப்னு சொல்வாங்க, அது 3.5%னு வச்சா ஜிஎஸ்டியோட சேத்து ஒரு 1,800, ஆக 45,500 கிட்ட. உக்காந்துடுச்சு பாருங்க. மார்க்கப் இல்லாத ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டு செலவுக்குன்னே முன்னாடியே காசு போட்டு வைக்கற கார்டு) கிடைச்சா அந்த 1,800ம் மிச்சம். எஃப்டி பக்கம் போகவே வேணாம், வீட்டு லோன் வச்சிருக்கவங்களுக்கு அது ரெண்டு மாசத்து மூச்சு.

கொரியாவுல ஒரு நல்லது, மெனுல போட்ட விலை தான் விலை, வரி, சர்வீஸ் எல்லாம் சேத்து தான் போடணும்னு 2013லயே ரூல் கொண்டுவந்துட்டாங்க, டிப்ஸும் கிடையாது. (சிங்கப்பூர்ல விலைக்கு பக்கத்துல ரெண்டு பிளஸ் போட்டிருப்பான், அது 10% சர்வீஸும் 9% ஜிஎஸ்டியும், பில்லு வரும்போது தான் வலிக்கும்.) புக்கிங் பெரும்பாலும் கேட்ச்டேபிள்னு ஒரு ஆப்ல, முன்பணம் கேப்பாங்க, கடைசி நேரத்துல வரலைன்னா அது போச்சு, அதனால சியோல்ல இறங்கின அன்னைக்கே ராத்திரிக்கு போடாதீங்க, ஃப்ளைட் லேட்டானா டின்னர் காசும் சேந்து பறந்துடும்.

பணம் எங்க கையை மீறி போகும்னா டிரிங்ஸ் பேரிங்ல, அதான் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தோதா ஒரு டிரிங்க் தர்றது. என் கதையை சொல்றேன், 2023ல நானும் மனைவியும் சியோல்ல இதே மாதிரி ஒரு இடத்துக்கு போனோம், உக்காந்ததும் "பேரிங் வேணுமா"ன்னு கேட்டான், நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிட்டேன், விலையே பாக்கல, அப்புறம் பாத்தா சாப்பாட்டு விலையில பாதிக்கு மேல அது. அதுக்கப்புறம் நான் எங்க சாப்பிட்டேன்! முதல்ல ஜுவான்சாங்னு குடிக்கறதுக்கு தோதா குட்டி குட்டியா நாலஞ்சு அயிட்டம் வருது, நான் ஒவ்வொண்ணையும் வோன்ல இருந்து ரூபாய்க்கு மாத்திட்டு இருக்கேன், இது 900, இது 1,200னு. மீன் வந்தது, மூணு வாய் தான், அதுக்கும் கணக்கு. மனைவி மெதுவா "இதுக்கு நீங்க ஆபீஸ்லயே இருந்திருக்கலாம்"னாங்க, அத்தோட நிறுத்தினேன். கடைசியில குட்டி கல்சட்டில அப்பவே வடிச்ச சோறு, டோயன்ஜாங்னு புளிக்க வச்ச சோயா விழுது போட்ட சூப், நாலு கிண்ணத்துல தொட்டுக்க. சோத்தை எடுத்துட்டு சட்டில சுடுதண்ணி ஊத்தி மூடி வச்சாங்க, அடிப்பிடிச்ச சோறு ஊறி ஒரு கஞ்சி ஆச்சு, சுங்ன்யுங்னு பேரு. அய்யோ, எங்க பாட்டி சட்டி அடியில தண்ணி ஊத்தி குடுக்கற அதே தான். அந்த ராத்திரியிலயே நான் கணக்கு போடாம சாப்பிட்டது அது ஒண்ணு தான். அதனால தான் சொல்றேன், காசை இங்கயே ஒதுக்கி வச்சுட்டு, பேரிங் உண்டா இல்லையான்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டு போங்க. என்னை கேட்டா வேணாம், ரெண்டு பேருக்கும் சேத்து டீயோ ஒரு கிளாஸ் மாக்கொல்லியோ (அரிசியில பண்ற கொரியன் மது) போதும்.

இப்போ நிஜமான பிரச்சனை, உங்க வீட்டுக்காரர். கொரியன் சமையல்ல சூப்புக்கு அடிப்படையே காஞ்ச நெத்திலியும் கடல்பாசியும் போட்டு எடுக்கற தண்ணி, கிம்ச்சில உப்பு இறாலோ மீன் சாஸோ இருக்கும், "வெஜிடபிள் தானே"ன்னு பாத்தா ஏமாந்துடுவோம். டேஸ்டிங் மெனுல ஷெஃப் பத்து ஐட்டத்தை ஒரு வரிசையா கோத்திருப்பார், சைவத்துக்கு மாத்தி தர்றவங்களும் உண்டு, முடியாதுன்னு சொல்றவங்களும் உண்டு, மாத்தி தந்தாலும் விலை குறையாது. 22,000 குடுத்துட்டு அவர் கீரையை கிளறிட்டு உக்காந்திருந்தா அது தான் வீண் செலவு. முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி மெயில் போடுங்க, "சைவம்"னு மட்டும் எழுதாதீங்க, மீன் தண்ணி, இறால், முட்டை எதுவும் ஆகாதுன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க.

முடியாதுன்னு பதில் வந்தா நான் இப்படி பண்ணுவேன்: நீங்க மட்டும் ஒரு மத்தியானம் போங்க. லஞ்ச் டேஸ்டிங் மெனு டின்னரை விட நல்லாவே கம்மியா இருக்கும், சமையல்காரர் அதே ஆள் தான், தனி ஆளுக்கு சீட் தருவாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. உதாரணத்துக்கு மிங்கிள்ஸ்னு ஷெஃப் காங் மின்-கூ நடத்தற இடம், 2025ல மூணு ஸ்டார் வாங்கினது, அங்க டோயன்ஜாங், கான்ஜாங் (சோயா சாஸ்), கோச்சுஜாங் (மிளகாய் விழுது) மூணையும் வச்சு ஒரு ஸ்வீட் பண்ணி பேர் வாங்கினார். மூணுலயும் புளிக்க வச்ச சோயா இருக்கு, பொதுவா ஜாங்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல யாராவது இட்லி மாவுல ஐஸ்கிரீம் பண்ணா எப்படி இருக்கும், அந்த தைரியம். யுனெஸ்கோவே அந்த ஜாங் பண்ற முறையை 2024 டிசம்பர்ல கலாச்சார பாரம்பரிய லிஸ்ட்ல சேத்துச்சு. சாயங்காலம் ரெண்டு பேருமா பல்உ கோங்யாங்னு கோயில் சாப்பாட்டு இடத்துக்கு போங்க, ஜோக்யேசா புத்தர் கோயிலுக்கு எதிர்ல, மிஷ்லின் சியோலுக்கு முதல் தடவை வந்தப்பவே ஒரு ஸ்டார் வாங்கின இடம், இப்போ அந்த ஸ்டார் இல்ல, சாப்பாடு இருக்கு. கறி, மீன் மட்டும் இல்ல, பூண்டு வெங்காயம் கூட கிடையாது, அதுவும் வரிசையா ஒவ்வொண்ணா தான் வரும், விலையும் பெரிய ஹோட்டல்கள்ல பாதி கூட வராது. உங்க மாமியாரை கூட்டிட்டு போனா கூட சாப்பிடுவாங்க.

மறக்காம இன்னொண்ணு, பில்லு கட்டும்போது மெஷின் "ரூபாயா வோனா"ன்னு கேக்கும், ரூபாய் பாத்த சந்தோஷத்துல அதை அமுக்கிடாதீங்க, அவன் போடற ரேட்டு எப்பவும் மோசமா தான் இருக்கும், வோன் அமுக்குங்க.